கண்காணிப்பின் காலம்: ஒரு நூலும் சில ஐயங்களும்

இந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள். எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றீர்கள், எந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டீர்கள், எந்தப் படத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. நீங்களே கடிதம் எழுதிச் சொன்னால்தான் உண்டு. அச்சிட்ட தாளை நாம் படிக்கிறோம்; அது நம்மைப் படிப்பதில்லை.

இதே கட்டுரையைக் கைப்பேசியில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த வரியில் விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்கள், எவ்வகைக் கருவியில் படிக்கிறீர்கள், இதற்கு முன் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள் என அத்தனையையும் குறித்துக்கொள்ள முடியும். வணிக நோக்குடைய தளங்கள் பலவற்றில் குறித்துக்கொள்ளவும் படுகிறது. குறிப்பவர் யார்? அக்குறிப்பு எங்கே போகிறது? அதனால் யாருக்கு என்ன வருவாய்?

இக்கேள்விகளை எடுத்துக்கொண்ட நூல்களுள் மிகவும் பேசப்பட்டது, அமெரிக்கப் பேராசிரியை ஷோஷானா சுபாஃப் எழுதி 2019-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் சர்வேலன்ஸ் கேபிடலிசம்' என்பதாகும். 'கண்காணிப்பு முதலாளித்துவத்தின் காலம்' எனத் தமிழில் சொல்லலாம். ஆசிரியை ஹார்வர்டு வணிகவியல் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியவர். கணிப்பொறி வந்தபின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை எவ்வாறு மாறுகிறது என்று 1988-லேயே நூல் எழுதியவர். ஆகவே நேற்று விழித்துக்கொண்டு இன்று அலறுபவர் அல்லர். 18 அத்தியாயங்கள் கொண்ட இந்தப் பெரிய நூலை நான் இருமுறை படித்தேன். முதல்முறை படித்தபோது அச்சம் வந்தது. இரண்டாம் முறை ஐயங்கள் வந்தன. இரண்டையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூல் சொல்வதைக் காண்போம். கூகுள் நிறுவனம் 1998-இல் தொடங்கப்பட்டது. தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டினார், எழுத்துப் பிழை செய்தாரா, எந்த விடையைச் சொடுக்கினார் என்ற குறிப்புகள் தாமாகவே அதன் கணிப்பொறிகளில் சேர்ந்தன. தொடக்கத்தில் தேடலைச் செம்மைப்படுத்தவே அவை பயன்பட்டன. 2000-இல் இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தன. முதலீடு செய்தவர்கள் இலாபம் எங்கே என்று நெருக்கினர். அப்போதுதான், எந்த மனிதர் எந்த விளம்பரத்தைச் சொடுக்குவார் என்று கணிக்க அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தலாம் என்பது கண்டுகொள்ளப்பட்டது. நிறுவனத்தின் வருவாய் 2001-இல் சுமார் 8.6 கோடி டாலர். 2004-இல் சுமார் 319 கோடி டாலர்.

சேவைக்குத் தேவையானது போக எஞ்சும் இந்தக் குறிப்புகளை ஆசிரியை 'நடத்தை உபரி' என்கிறார். நம் ஊர் அரிசி ஆலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நெல்லைக் கொண்டுபோய் அரைத்து வருகிறோம். தவிடு ஆலையிலேயே தங்கிவிடுகிறது. மாட்டுக்குப் போடும் பொருள்தானே என்று நாமும் கேட்பதில்லை. பின்னர் ஒருவர் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்று கண்டுபிடிக்கிறார். அரிசியைவிடத் தவிட்டில் இலாபம் மிகுகிறது. பிறகு ஆலைக்காரர் கூலியே வாங்காமல் அரைத்துத் தருகிறார். இன்னும் நிறைய நெல் கொண்டுவாருங்கள் என்கிறார். இலவச மின்னஞ்சல், இலவச வரைபடம், இலவசக் காணொளி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நூலின் இப்பகுதி மிகத் தெளிவானது. பொருளியல் மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும்.

இன்னொரு பகுதியும் அருமையானது. பிறருக்குரியதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்கு அவர் நான்கு கட்டங்களைக் காட்டுகிறார். முதலில் கேட்காமல் நுழைவது. அடுத்து, வழக்கு நடக்கும் காலத்திலேயே மக்களைப் பழக்கிவிடுவது. பிறகு, கண்டனம் வலுத்தால் மேலோட்டமாகச் சிறு மாற்றம் செய்வது. கடைசியாக, அதே வேலையை வேறு பெயரில் தொடர்வது. தெருக்களைப் படம் பிடிக்கச் சென்ற கூகுள் வண்டிகள், வழியில் இருந்த வீடுகளின் வைஃபை இணைப்புகளிலிருந்து செய்திகளையும் சேர்த்து எடுத்துச் சென்றது 2010-இல் வெளிவந்ததல்லவா? அதை இந்த நான்கு கட்டங்களில் வைத்து அவர் விளக்கும் முறை, ஒரு நல்ல ஆய்வக அறிக்கையைப் படிப்பது போல் இருக்கிறது.

இனி என் ஐயங்களுக்கு வருகிறேன். அதற்கு முன் என் சொந்த அனுபவம் ஒன்று. சொல்லலாமா என்று பலமுறை யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. மருத்துவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வருவதற்கு முந்திய இரவுகளில் மடிக்கணிப்பொறியில் அந்தக் கட்டியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் வகுப்பில் ஒளியின் விளிம்பு விளைவைக் காட்ட அதே கணிப்பொறியைத் திரையுடன் இணைத்தேன். இயற்பியல் பாடப் படங்கள் உள்ள ஒரு தளத்தைத் திறந்தேன். படத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய படத்தளவு பெரிதாக, கழுத்துக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை ஒன்றின் விளம்பரம் தோன்றியது. பக்கத்தைப் புதுப்பித்தேன். மீண்டும் அதுவே. அறுபது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வாசலில் நின்று, "சார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள். (அம்மாவுக்கு இருந்தது சாதாரணக் கட்டிதான். இப்போது நலமாக இருக்கிறார்.)

என் மனத்தை யாரோ படித்துவிட்டார்கள் என்றே அன்று தோன்றியது. சுபாஃப் நூலைப் படிக்கும்போதும் அதே உணர்ச்சிதான் வருகிறது. ஆனால் உண்மையில் நடந்தது என்ன? அதை நூல் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறது. ஆகவே நாமே பார்த்துவிடுவோம்.

இணையதளங்களை அனுப்பும் முறைக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும், அத்துடன் மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்பவர் முன்பு வந்தவர்தானா என்று அதற்குத் தெரியாது. இப்படியிருந்தால் இணையத்தில் கடை நடத்த முடியாது. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமற்போகும். இதற்கு வழியாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற இளம் பொறியாளர் 'குக்கி' என்பதை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா, அதுதான் குக்கி. தளம் ஓர் எண்ணைக் கொடுக்கும். உங்கள் உலாவி அதை வைத்திருந்து மறுமுறை போகும்போது காட்டும். டோக்கனில் உங்கள் பெயர் இருக்கவேண்டியதில்லை.

ஆனால் ஓர் இணையப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடத்திலிருந்தும், விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்தும் வரும். அந்த விளம்பர நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு டோக்கன் கொடுக்கலாம். கடைத்தெருவில் உள்ள அத்தனை கடைகளிலும், ஓட்டலிலும், மருத்துவர் வீட்டிலும், வட்டிக்கடையிலும் டோக்கன் கொடுக்கும் குத்தகையை ஒரே ஆள் எடுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 417-ஆம் எண் டோக்கன் காலையில் மருத்துவரிடமும் மாலையில் வட்டிக்கடையிலும் நின்றது என்று அவரால் எழுதிவைக்க முடியும். நான் படித்த மருத்துவப் பக்கத்திலும், பின்பு திறந்த இயற்பியல் பக்கத்திலும் அதே குத்தகைக்காரர் இருந்திருக்கிறார். அவர் என் மனத்தைப் படிக்கவில்லை. என் டோக்கன் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். அவ்வளவுதான்.

இந்த ஆபத்து பின்னால் தெரியவந்தது என்றும் சொல்ல முடியாது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் குழு 1997-லேயே குக்கிக்கான விதிமுறையை வெளியிட்டது. எழுதிய இருவருள் மோன்டுல்லியும் ஒருவர். பயனர் தாமே கேட்காத இடங்களிலிருந்து வரும் இவ்வகைக் குக்கிகளை உலாவிகள் இயல்பாக ஏற்கக்கூடாது என்று அது கூறியது. முக்கிய உலாவிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆப்பிளின் சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுக்க 2020 ஆயிற்று. ஃபயர்பாக்ஸ் 2019 முதல் படிப்படியாகத் தடுத்தது. கூகுள் தன் குரோம் உலாவியில் இரண்டாண்டில் நிறுத்திவிடுவதாக 2020-இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. சுபாஃபின் நான்கு கட்டங்களை இந்த வரலாற்றிலும் ஒருவர் பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்து, என் முக்கியமான கருத்து வேறுபாடு. நிறுவனங்கள் நம் நடத்தையை முன்கூட்டியே அறிகின்றன, விரும்பிய பக்கம் திருப்பவும் செய்கின்றன என்பது நூலின் பிற்பகுதி முழுவதும் ஒலிக்கும் கருத்து. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இங்கே ஒரு பழக்கமான கேள்வி எழுகிறது: அளவு எவ்வளவு? பிழை எவ்வளவு?

ஆசிரியை காட்டும் சான்றுகளையே எடுத்துக்கொள்வோம். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் பயனர் 6,89,003 பேரிடம் அவர்கள் அறியாமலே ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகளும், சிலருக்கு வருத்தமான பதிவுகளும் குறைத்துக் காட்டப்பட்டன. முடிவு 2014-இல் ஆய்விதழில் வந்தது. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகக் கண்டவர்கள் எழுதியவற்றில் மகிழ்ச்சிச் சொற்களின் பங்கு 0.1 விழுக்காடு குறைந்தது. அதாவது ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல். ஒப்புதல் கேட்காமல் மனிதரைச் சோதித்தது பெரும் தவறு. அதில் ஆசிரியையின் சினம் முற்றிலும் நியாயம். ஆனால் விளைவின் அளவைப் பார்த்தால், பொம்மலாட்டக்காரன் கையில் பொம்மை என்று நம்மைக் கருத இடமில்லை. இந்தச் சிறுமையை அவர் நின்று எடைபோடவில்லை.

அதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியாது. 2010 நவம்பரில் அமெரிக்கத் தேர்தலன்று 6.1 கோடிப் பயனர்களுக்கு, நண்பர்களில் யார் யார் வாக்களித்தனர் என்று காட்டும் செய்தி அனுப்பப்பட்டது. கூடுதலாக விழுந்த வாக்குகள் சுமார் 3.4 இலட்சம் என்று 2012-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் 2000-இல் அமெரிக்க அதிபர் தேர்தலை முடிவுசெய்த ஃபுளோரிடா மாநிலத்தில் வாக்கு வேறுபாடு வெறும் 537.

பதினோராம் வகுப்பில் வாயுக்களின் இயக்கக் கொள்கை படித்தவர்களுக்கு இது புதிதன்று. குடுவையில் அடைத்த வாயுவில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாயுவின் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். அதை மாற்றவும் செய்யலாம். நிறுவனங்களுக்கு இருக்கும் வல்லமை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தனி மனிதரைத் தம்மால் கணிக்க முடியும் என்று அவை விளம்பரம் கொடுப்பவர்களிடம் சொல்வது வியாபாரப் பேச்சு. அந்தப் பேச்சை நூலாசிரியை பல இடங்களில் அப்படியே நம்பிவிடுகிறார் என்பதே என் குறை. விற்பவன் சொல்லும் மைலேஜை நம்பி வண்டி வாங்குபவர் உண்டா?

அப்படியானால் தனி மனிதருக்குத் தீங்கே இல்லையா? உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது. கணிப்பில் அன்று, நினைவில். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று, சுமார் ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களைப் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே, ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஜார்ஜியா மாநிலச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த 62 வயது அம்மையாரைப் பத்திரிகையாளர்கள் வீடு தேடிச் சென்று கண்டுவிட்டனர். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், நாயின் தொல்லை, கைவிரல் மரத்துப்போதல் என அவர் தேடியவையே அவரைக் காட்டிக்கொடுத்தன. எந்தக் கணிப்பும் அங்கே தேவைப்படவில்லை. எழுதி வைத்திருந்ததே போதுமானதாயிற்று. என் வகுப்பறையில் நடந்ததும் இதுவே.

டோக்கனைத் தூக்கியெறிந்துவிட்டால் தப்பிக்கலாமா? ஓரளவே. டோக்கன் இல்லாமலும் உங்களை அடையாளம் காண வழி உண்டு. ஒரு நாணயத்தைச் சுண்டினால் கிடைக்கும் செய்தியை ஒரு பிட் என்கிறோம். ஆம், இல்லை என்று விடை வரும் ஒரு கேள்விக்கு ஒரு பிட். 2-ஐ 33 முறை பெருக்கினால் சுமார் 859 கோடி. உலக மக்கள்தொகையைவிட அதிகம். ஆகவே தக்கபடி அமைந்த 33 கேள்விகள், பூமியிலுள்ள எவரையும் தனித்துக் காட்டப் போதும். உங்கள் உலாவியோ கேட்காமலே பல விடைகளைத் தருகிறது: திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, நிறுவியுள்ள எழுத்துருக்கள் முதலியன. 2010-இல் பீட்டர் எக்கர்ஸ்லி என்பவர் 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தார். 83.6 விழுக்காடு உலாவிகள் தம்மைப் போல் இன்னொன்று இல்லாதவையாக இருந்தன. கிடைத்த செய்தி குறைந்தது 18.1 பிட். அவர் சோதனைக்கு வந்தவர்கள் இவ்விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் என்பதால் இந்த எண் சற்று மிகையாக இருக்கலாம். 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் பார்த்தபோது 33.6 விழுக்காடே தனித்தவை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலாவியின் மொழியைத் தமிழாக அமைத்து, நான்கு தமிழ் எழுத்துருக்களையும் நிறுவிக்கொண்டால், உலகக் கூட்டத்தில் நீங்கள் இன்னும் எளிதில் கண்டுகொள்ளப்படுவீர்கள். அரிதான பண்பு அதிகச் செய்தியைத் தருகிறது என்பது செய்திக் கோட்பாட்டின் அரிச்சுவடி. அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை! மாறாக, கல்லூரி ஆய்வகத்தில் ஒரே நாளில் வாங்கி ஒரே விதமாக அமைத்த கணிப்பொறிகளை இம்முறையில் பிரித்தறிவது கடினம். சீருடைக்கு உள்ள ஒரே நன்மை அது.

உலாவியில் 'மறைநிலை' என்று ஒன்று இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது உங்கள் கணிப்பொறியில் உள்ள குறிப்பைத்தான் அழிக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் நோட்டுப் புத்தகத்தை அதனால் தொட முடியாது. மறைநிலையில் உலாவியவர்களையும் கூகுள் கண்காணித்தது என்று 2020-இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு, அவ்வாறு சேர்ந்த பெருந்தொகையான பதிவுகளை அழிக்க 2024-இல் நிறுவனம் உடன்பட்டு முடிந்தது.

நூலில் மற்றொரு குறையும் உண்டு. அரசு அதில் ஓரத்தில்தான் நிற்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க அரசுக்கு இந்நிறுவனங்களின் குறிப்புகள் தேவைப்பட்டன, அதனால் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் கைவிடப்பட்டன என்று ஆசிரியை நன்றாகவே கூறுகிறார். 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு எழுதிய நூல் அத்துடன் நின்றிருக்கக் கூடாது. எழுதி வைத்த குறிப்பு இருந்தால், அதைக் கேட்டு வாங்க ஒரு காவலர் வருவார். அதற்கு முதலாளித்துவம் மட்டும் காரணமில்லை.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடைசெய்கிறது. பள்ளி மாணவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டது. அரசு அமைப்புகளுக்குச் சட்டத்தில் விரிவான விலக்கு உண்டு. அந்த இடத்தில் நான் மகிழ்ச்சியடைய மாட்டேன்.

நூலைப் படித்து முடித்தபின் நான் செய்தவை சிலவே. உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்தேன். இது இரண்டு நிமிட வேலை. கைப்பேசியில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிடமும் தொடர்புப் பட்டியலும் தேவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையற்றவற்றுக்கு அனுமதியை நீக்கினேன். டார்ச் விளக்குச் செயலி ஒன்று என் தொடர்புப் பட்டியலை வைத்திருந்தது! வகுப்புக்குத் தனி உலாவி, வீட்டுக்குத் தனி உலாவி என்று பிரித்துக்கொண்டேன். வகுப்பறைத் திரையில் விளம்பரங்கள் வராமல் இல்லை. சென்ற வாரம் டிராக்டர் விளம்பரம் வந்தது. எனக்கு நிலம் கிடையாது, மாணவர்கள் சிரித்தார்கள்.

ஆங்கிலத்தில் முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர்கள் 3, 5, 10 ஆகிய அத்தியாயங்களைப் படிக்கலாம். நடத்தை உபரி 3-இலும், நான்கு கட்டங்கள் 5-இலும், நான் மேலே எடைபோட்ட ஃபேஸ்புக் சோதனைகள் 10-இலும் உள்ளன. பத்தாவதை முதலில் எடுக்கவேண்டாம்.